பிளாயா டெல் கார்மெனில் பாட்டிலும் சுருட்டும் வாங்குவது: என்னிடம் அடிக்கடி வரும் கேள்விகள்

டிசம்பர் பிறந்தால் எனக்குப் போன் வர ஆரம்பித்துவிடும். டொராண்டோ குளிருக்குத் தப்பி மெக்சிகோவின் கரீபியன் கரைக்கு ஒரு வாரம் ஓடுகிற நண்பர்கள், நியூஜெர்சியிலிருந்து மைத்துனர், அவருடைய அலுவலகத் தோழர்கள் என்று எல்லோருக்கும் ஒரே சந்தேகங்கள். பிளாயா டெல் கார்மெனுக்கு நான் பலமுறை போயிருக்கிறேன், அங்கே ஏமாந்தும் இருக்கிறேன். அதனால் இவர்கள் கண்ணுக்கு நான்தான் நிபுணன். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துப்போய் எல்லாவற்றையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

ஹோட்டலில் சாப்பாடு, குடி எல்லாம் சேர்த்துத்தான் காசு கட்டியிருக்கிறோம். வெளியே போய் ஏன் வாங்க வேண்டும்?

அங்கேயே குடிப்பதற்கு என்றால் வாங்கத் தேவையில்லை. ஆனால் அந்தக் கட்டணத்துக்குள் ஊற்றிக் கொடுப்பது பெரும்பாலும் மலிவான சரக்கு. மெக்சிகோவில் மட்டும் சுலபமாகக் கிடைக்கிற நல்ல டெக்கீலாவை ருசிக்கவோ ஊருக்கு ஒரு பாட்டில் கொண்டுவரவோ ஆசையிருந்தால் வெளியே போகத்தான் வேண்டும். சுருட்டும் அப்படியே. ஹோட்டல் கடையில் கிடைக்கும், ஆனால் தேர்வு குறைவு, விலை கூடுதல்.

சரி, எங்கே வாங்குவது? கிண்டா அவெனிடாவில்தான் கடைக்கு மேல் கடையாக இருக்கிறதே?

கிண்டா அவெனிடா, அதாவது ஐந்தாம் நிழற்சாலை, கடற்கரைக்கு இணையாகப் போகும் நடைபாதைத் தெரு. மாலையில் நடக்க அருமையான இடம். பாட்டில் வாங்க அங்கே நிற்காதீர்கள். அதே பாட்டிலை இரண்டு மூன்று தெரு உள்ளே தள்ளி, ஊர்க்காரர்கள் மளிகை வாங்கும் இடத்தில் பாருங்கள். செட்ராவி, சொரியானா, வால்மார்ட் எல்லாவற்றிலும் ஒரு நீளமான மது வரிசை உண்டு. விலை எழுதி ஒட்டியிருக்கும், பேரம் கிடையாது, யாரும் கையைப் பிடித்து இழுக்க மாட்டார்கள். இன்னும் நல்ல தேர்வு வேண்டுமென்றால் லா எவுரோபேயா என்ற மதுக்கடைச் சங்கிலியைப் பாருங்கள். மூலைக்கு மூலை இருக்கும் ஆக்ஸோவில் பீர் வாங்கலாம், டெக்கீலாவுக்கு அது இடமில்லை.

சுருட்டுக்கு மட்டும் இந்த விதி தலைகீழ். அதைக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

பாட்டிலில் 800 டாலர் என்று போட்டிருந்ததைப் பார்த்து பயந்து திரும்பிவிட்டேன்!

அது பீசோ. மெக்சிகோவில் பீசோவுக்கும் அதே டாலர் குறிதான். கொஞ்ச வருடங்களாக ஒரு அமெரிக்க டாலருக்கு 17 முதல் 20 பீசோ வரை கிடைக்கிறது, கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். சுற்றுலாக் கடைகளில் சில பொருட்களுக்கு உண்மையிலேயே டாலரில் விலை போட்டிருப்பார்கள். அதனால் 'பீசோவா?' என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது. கார்டு தேய்க்கும்போது இயந்திரம் 'உங்கள் நாட்டுப் பணத்திலா, பீசோவிலா' என்று கேட்டால் பீசோவையே அழுத்துங்கள். மற்றதில் மாற்று விகிதம் உங்களுக்குச் சாதகமாக இருக்காது.

டெக்கீலா கள்ளிச்செடியிலிருந்து வருகிறது என்கிறார்களே?

கள்ளி இல்லை, கற்றாழை மாதிரி இருக்கும் அகாவே. நம் ஊரில் வேலியோரமும் தண்டவாளத்தோரமும் நிற்கும் ஆனைக்கற்றாழையின் உறவுக்காரச் செடி. டெக்கீலாவுக்கு அதில் நீல அகாவே என்ற ஒரே வகையைத்தான் பயன்படுத்தலாம். இலைகளைச் செதுக்கித் தள்ளிவிட்டு, அன்னாசிப் பழம் போல் இருக்கும் நடுப்பகுதியை வேகவைத்துப் பிழிந்து, புளிக்கவைத்து வடிக்கிறார்கள். வெந்த அகாவேயைக் கடித்தால் சுட்ட சர்க்கரைவள்ளிக் கிழங்கு போல இருக்கும்.

1974இல் இந்தப் பெயருக்குப் புவிசார் பாதுகாப்பு கொடுத்தார்கள். ஹலிஸ்கோ மாநிலம் முழுவதும், இன்னும் நான்கு மாநிலங்களில் சில பகுதிகள், இவற்றில் செய்தால்தான் டெக்கீலா. பிளாயா இருக்கும் கிண்டானா ரோ மாநிலம் அந்தப் பட்டியலில் இல்லை. ஆகவே 'எங்கள் தோட்டத்தில் செய்த டெக்கீலா' என்று அங்கே யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள்.

லேபிளில் எதைப் பார்க்க வேண்டும்?

முதலில் '100% டி அகாவே' என்ற வரி. அது இல்லாமல் வெறும் 'டெக்கீலா' என்று மட்டும் இருந்தால், சர்க்கரையில் 51 சதவீதம்தான் அகாவேயிலிருந்து வந்தாக வேண்டும், மீதி கரும்பிலிருந்தோ வேறெதிலிருந்தோ வந்திருக்கலாம். மறுநாள் காலைத் தலைவலிக்குப் பலர் இதைத்தான் குறை சொல்கிறார்கள் (எவ்வளவு குடித்தோம் என்பதை யாரும் சொல்வதில்லை). 'லிகோர் டி அகாவே', 'டெஸ்டிலாடோ டி அகாவே' என்று இருந்தால் அது டெக்கீலாவே இல்லை. கிண்டா அவெனிடாவில் இலவசமாக ருசி காட்டி விற்கும் இனிப்பான, மாம்பழ வாசனை, காபி வாசனை பாட்டில்கள் பலவும் லிகோர் ரகம்.

அடுத்து நோம் (NOM) என்ற எழுத்துகளுக்குப் பக்கத்தில் நான்கு இலக்க எண். அது எந்த வடிசாலையில் செய்தது என்பதைக் காட்டும். ஹெர்ராதூராவுக்கு 1119, ஃபோர்த்தலேசாவுக்கு 1493. ஒரே எண்ணில் இருபது முப்பது பிராண்டுகள் வருவதும் உண்டு, பெயரும் பாட்டில் வடிவமும்தான் வேறு. கடைக்காரர் 'இது ஒரு சின்னக் குடும்பம் பரம்பரையாகச் செய்வது' என்று உருகும்போது அந்த எண்ணைப் போனில் தேடிப் பாருங்கள். கதை கலைந்துவிடும்.

பிளாங்கோ, ரெபொசாடோ, அன்யேஹோ... வயது கூடக்கூட நல்லதா?

விலை கூடும், அவ்வளவுதான் உறுதி. பிளாங்கோ பீப்பாயில் ஊறாதது அல்லது சில வாரங்களே இருந்தது. ரெபொசாடோ குறைந்தது இரண்டு மாதம், அன்யேஹோ ஒரு வருடம், எக்ஸ்ட்ரா அன்யேஹோ மூன்று வருடம். விஸ்கி குடித்துப் பழகியவர்களுக்கு அன்யேஹோ பிடிக்கும், ஏனென்றால் அதில் மரத்தின் ருசி ஏறியிருக்கும். அகாவேயின் ருசி தெரிய வேண்டுமென்றால் பிளாங்கோதான். வயதாக வயதாக அது மறைகிறது என்பது என் கட்சி.

இன்னொன்று. நிறம், வாசனை, வழுவழுப்புக்காகக் கேரமல், கிளிசரின் போன்றவற்றை ஒரு சதவீதம் வரை சேர்க்கலாம், லேபிளில் சொல்ல வேண்டியதில்லை. ஆக நிறத்தைப் பார்த்து வயதை நம்ப வேண்டாம். கையால் தீட்டிய பீங்கான் பாட்டில்களும் அப்படித்தான். அலமாரியில் வைத்தால் அழகு, ஆனால் விலையில் பெரும்பங்கு பாட்டிலுக்குப் போகிறது.

மெஸ்கால் என்றால் புழு போட்டது தானே? நாங்கள் சைவம்.

இந்தக் கேள்விக்காகவே இந்தப் பக்கத்தை எழுதியிருக்கலாம். டெக்கீலாவில் புழு கிடையாது. அதன் உறவுக்கார மதுவான மெஸ்காலில் சில பிராண்டுகள் மட்டுமே புழு போடுகின்றன. நல்ல மெஸ்கால் பெரும்பாலும் புழு இல்லாமல்தான் வருகிறது. மெஸ்காலை நீல அகாவே மட்டுமல்ல, பல வகை அகாவேயிலிருந்தும் செய்யலாம். மண்ணில் குழிதோண்டிச் சூடேற்றிய கற்களின் மேல் அகாவேயை வேகவைப்பதால் புகை வாசனை வரும். வஹாகா மாநிலம்தான் அதன் தலைநகரம்.

சைவர்கள் கவனிக்க வேண்டியவை வேறு இரண்டு. பாரில் மெஸ்காலோடு ஆரஞ்சுத் துண்டும் சிவப்பாக ஒரு உப்பும் வைப்பார்கள். அந்த உப்பு, 'சால் டி குசானோ', புழுவை வறுத்து அரைத்து மிளகாயோடு கலந்தது. என் மாமியார் அதை மிளகாய்ப்பொடி உப்பு என்று நினைத்து மாங்காய்க்குத் தொட்டுச் சாப்பிட்டு, ருசியாக இருக்கிறதே என்று பாராட்டினார். இன்றுவரை அவரிடம் யாரும் உண்மையைச் சொல்லவில்லை. இரண்டாவது, லேபிளில் 'பெச்சுகா' என்று இருந்தால் வடிக்கும்போது கலத்துக்குள் கோழி அல்லது வான்கோழி நெஞ்சுக்கறியைத் தொங்கவிட்டுச் செய்தது என்று பொருள்.

அந்தப் பக்கத்துக்கே உரியதாக ஏதாவது உண்டா? டெக்கீலா இங்கேயும் கிடைக்கிறதே.

உண்டு, ஷ்தபெந்தூன். யுகத்தான் தீபகற்பத்தின் மதுபானம். சோம்பும் தேனும் ரம்மும் சேர்ந்தது. தேன், அதே பெயருள்ள ஒரு கொடியின் பூவிலிருந்து வருவது. சோம்பு மிட்டாய் பிடித்தவர்களுக்கு இது உடனே பிடிக்கும். ஐஸ் போட்டு, சாப்பாட்டுக்குப் பின் ஒரு சின்னக் கிளாஸ். சூப்பர்மார்க்கெட்டிலேயே கிடைக்கும்.

விமான நிலைய டியூட்டி ஃப்ரீயில் வாங்குவது மலிவா?

பாட்டிலைப் பொறுத்தது. 20 சதவீதத்துக்கு மேல் ஆல்கஹால் உள்ள எதற்கும் மெக்சிகோவில் 53 சதவீதச் சிறப்பு வரி, அதன் மேல் 16 சதவீத மதிப்புக்கூட்டு வரி. வரியில்லாத கடை மலிவாகத்தானே இருக்க வேண்டும் என்று தோன்றும். ஆனால் அங்கே டாலரில் விலை, கடை வாடகை, சுற்றுலா லாபம் எல்லாம் சேர்ந்து அந்த வித்தியாசத்தை விழுங்கிவிடுகின்றன. நான் பார்த்தவரை ஸ்காட்ச் டியூட்டி ஃப்ரீயில் லாபம், உள்ளூர் டெக்கீலா ஊருக்குள் லாபம். சூப்பர்மார்க்கெட் விலையைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொண்டு கான்கூன் விமான நிலையத்தில் ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஞாயிற்றுக்கிழமை போனோம், மது வரிசையைக் கயிறு கட்டி மூடியிருந்தார்கள்!

விற்பனை நேரத்தை உள்ளூர் நிர்வாகம் வைக்கிறது, ஞாயிறன்று சீக்கிரமே நிறுத்திவிடுவார்கள். நேரம் அவ்வப்போது மாறும். முற்பகலில் போனால் தொல்லையில்லை. தேர்தலை ஒட்டி 'லே செகா' என்ற மதுவிலக்கு நாட்களும் வரலாம். வாங்குபவருக்கு 18 வயது ஆகியிருக்க வேண்டும். ஒன்டாரியோவுக்குள் கொண்டுவர 19, அமெரிக்காவுக்குள் கொண்டுபோக 21. காலேஜ் பையன் பெட்டியில் பாட்டிலைப் போட்டுவிடும் பெற்றோர் இதைக் கவனிக்கவும்.

போலி சரக்கு குடித்து மயங்கி விழுந்தார்கள் என்று ஒரு செய்தி வந்ததே?

2017இல் வந்தது. பிளாயா, கான்கூன் பக்கத்து ரிசார்ட்டுகளில் கொஞ்சமே குடித்த பயணிகள் நினைவிழந்ததாக அமெரிக்கப் பத்திரிகைகள் எழுதின. அந்த ஆகஸ்டில் மெக்சிகோ அதிகாரிகள் சோதனை நடத்திச் சுமார் 10,000 கேலன் சட்டவிரோத மதுவைப் பிடித்தார்கள். ஆக, பயம் வெறும் வதந்தி இல்லை. அதற்காக எல்லா பாட்டிலிலும் விஷம் என்றும் இல்லை.

மூடிய பாட்டில் வாங்குபவருக்கு ஒரு வசதி உண்டு. மூடிக்குப் பக்கத்திலோ பக்கவாட்டிலோ 'மார்பேத்தே' என்ற வரி முத்திரைத் தாள் ஒட்டியிருக்கும். அதிலுள்ள க்யூஆர் குறியைப் போனில் காட்டினால் வரித்துறையின் பக்கம் திறந்து அது எந்தச் சரக்குக்குக் கொடுத்த முத்திரை என்று சொல்லும். பாட்டிலில் இருப்பதும் அதுவும் பொருந்த வேண்டும். முத்திரை இல்லாத பாட்டில், கடற்கரையில் யாரோ பையிலிருந்து எடுக்கும் பாட்டில், இரண்டும் வேண்டாம். பாரில் என்றால் உங்கள் முன்னால் பாட்டிலிலிருந்து ஊற்றச் சொல்லுங்கள், அல்லது பீர் குடியுங்கள்.

சுருட்டுக்கு வருவோம். நம் திருச்சிச் சுருட்டு, யாழ்ப்பாணச் சுருட்டு மாதிரிதானே?

உறவு இருக்கிறது. ஆங்கிலத்தில் 'செரூட்' என்ற சொல்லே நம் 'சுருட்டு'தான். ஆனால் அது இரண்டு முனையும் திறந்தது, அப்படியே பற்றவைக்கலாம். கியூப வகைச் சுருட்டின் ஒரு முனை இலையால் மூடியிருக்கும், வெட்டித்தான் பற்றவைக்க வேண்டும். பல்லால் கடித்துத் துப்பினால் மேல் இலை பிரிந்துவிடும். கடையிலேயே வெட்டித் தருவார்கள், கேளுங்கள். புகையை நெஞ்சுக்குள் இழுப்பதும் இல்லை, வாயில் வைத்துவிட்டு விடுவதுதான்.

கிண்டா அவெனிடாவில் ஒருவர் கோஹிபா என்ற பெயர்பெற்ற கியூபச் சுருட்டுப் பெட்டியைப் பாதி விலைக்குத் தருகிறார். அவர் மாமா ஹவானா தொழிற்சாலையில் வேலை பார்க்கிறாராம்.

எனக்கும் அந்த மாமாவைத் தெரியும்! ஒரு தடவை அவரை நம்பிக் கண்ணாடி மூடி போட்ட அழகான பெட்டி ஒன்றை வாங்கினேன். வீட்டில் பற்றவைத்தால் பழைய பாய் எரிகிற நாற்றம். வெட்டிப் பார்த்தபோது உள்ளே முழு இலையே இல்லை, துண்டு துணுக்குகள்தான். கண்ணாடி மூடிப் பெட்டியில் உண்மையான கோஹிபா வருவதே இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. இந்த ஒரு விஷயம் தெரிந்தால் போதும், தெருவில் காட்டும் பெட்டிகளில் பாதியைப் பார்த்ததுமே ஒதுக்கிவிடலாம்.

விலையும் சொல்லும். 2022இல் கோஹிபா விலையை உலகம் முழுவதும் ஒரே மட்டத்துக்கு உயர்த்தினார்கள், பல ஊர்களில் அது பல மடங்கானது. அதற்குப் பிறகு 'மலிவான அசல் கோஹிபா' என்று ஒன்று இல்லை.

அப்படியானால் அசலை எங்கே வாங்குவது, எப்படி அறிவது?

பாட்டிலுக்குச் சொன்ன விதி இங்கே தலைகீழ் என்றேனே, அது இதுதான். சூப்பர்மார்க்கெட்டில் தேடாதீர்கள், கியூபச் சுருட்டை உலகெங்கும் விற்கும் ஹபானோஸ் நிறுவனத்தின் உரிமம் பெற்ற 'லா காசா டெல் ஹபானோ' கடைக்குப் போங்கள். பிளாயாவில் அது கிண்டா அவெனிடாவிலேயே இருக்கிறது. வாசலில் யாரும் கூவ மாட்டார்கள், உள்ளே ஈரப்பதம் காக்கும் அறை இருக்கும். தள்ளுபடி எதிர்பார்க்காதீர்கள்.

பெட்டியில் பார்க்க வேண்டியவை: முன்பக்க இடது ஓரத்தில் பச்சை நிற அரசு உத்தரவாத முத்திரை, அதில் ஹோலோகிராமும் எண்ணும். அந்த எண்ணை ஹபானோஸ் இணையதளத்தில் சரிபார்க்கலாம். பெட்டியின் அடியில் கியூபாவில் முழுக்கக் கையால் செய்தது என்ற சூட்டு முத்திரை, கூடவே தொழிற்சாலைக் குறியீடும் பெட்டியிட்ட மாதமும் வருடமும். மாதம் ஸ்பானிய மொழியில் இருக்கும். ஜனவரிக்கு 'எனெரோ'வின் முதல் மூன்று எழுத்து (ENE) வர வேண்டும். ஆங்கில மாதம் இருந்தால் பெட்டியைத் திருப்பிக் கொடுங்கள். ஒற்றைச் சுருட்டாக வாங்கினால் இந்தச் சோதனை எதுவும் முடியாது, கடையை மட்டுமே நம்ப வேண்டும்.

கியூபாதான் வேண்டும் என்று என்ன கட்டாயம்?

ஒன்றுமில்லை, நானே இப்போது மெக்சிகோ சுருட்டுக்கு மாறிவிட்டேன். வெராகுரூஸ் மாநிலத்தில் சான் அந்த்ரேஸ் துக்ஸ்த்லா என்ற ஊரைச் சுற்றி எரிமலை மண்ணில் விளையும் கறுத்த புகையிலை உலகப் புகழ் பெற்றது. நிகராகுவா, டொமினிக்கன் சுருட்டுகள் பலவற்றின் மேல் இலை இங்கிருந்து போவதுதான். தே-அமோ, காசா டுரென்ட் பெயர்களைத் தேடுங்கள். இவற்றைப் போலி செய்து யாரும் பெரிதாகச் சம்பாதிக்க முடியாது, அதனால் தொல்லை குறைவு. அமெரிக்காவுக்கும் தாராளமாகக் கொண்டுபோகலாம்.

கியூபச் சுருட்டை அமெரிக்காவுக்குள் இப்போது கொண்டுபோகலாம் என்று படித்தேனே?

பழைய செய்தி. 2016 அக்டோபரில் சொந்த உபயோகத்துக்கு அனுமதித்தார்கள், 2020 செப்டம்பரில் அதை எடுத்துவிட்டார்கள். கியூபாவில் வாங்கினாலும் மெக்சிகோவில் வாங்கினாலும் அமெரிக்காவுக்குள் கொண்டுபோக முடியாது. கியூப ரம்முக்கும் இதே கதி. மெக்சிகோவில் இருக்கும்போதே வாங்கிப் புகைத்து முடிப்பதற்குத் தடையில்லை. அமெரிக்காவில் சட்டப்படி விற்கும் கோஹிபா வேறு, அது டொமினிக்கன் குடியரசில் வேறொரு நிறுவனம் செய்வது.

மேலே சுற்றியிருக்கும் காகிதப் பட்டையைக் கழற்றிவிட்டால் யாருக்குத் தெரியும்?

மைத்துனர் கேட்டது. சுங்கத்தில் பொய் சொல்வது சுருட்டை இழப்பதைவிடப் பெரிய சிக்கல். அதிலும் விசாவில் இருப்பவர் இருநூறு டாலர் பொருளுக்காக இதில் கைவைக்கலாமா?

நான் டொராண்டோக்காரன், கனடாவில் கியூபச் சுருட்டுக்குத் தடையில்லை. ஆனால் டல்லாஸில் விமானம் மாறுகிறேன்.

அங்கேதான் மாட்டிக்கொள்வீர்கள். அமெரிக்காவில் விமானம் மாறினாலும் குடிநுழைவு, சுங்கம் இரண்டையும் தாண்டியாக வேண்டும், பயணப் பெட்டியையும் எடுத்துத் திரும்பப் போட வேண்டும். கனடா போகும் வழிதான் என்பது காரணமாக எடுபடாது. கியூபச் சுருட்டு வாங்கும் எண்ணமிருந்தால் நேரடி விமானம் எடுங்கள்.

எவ்வளவு வரியில்லாமல் கொண்டுவரலாம்?

கனடாவுக்கு 48 மணி நேரம் வெளியே இருந்திருந்தால் ஆளுக்கு 1.14 லிட்டர் ஸ்பிரிட் (டெக்கீலா, ரம் மாதிரி வடித்த மது), 50 சுருட்டு. அமெரிக்காவுக்கு ஒரு லிட்டர், 100 சுருட்டு (மேலே சொன்ன கியூபத் தடை நீங்கலாக). அங்கே ஒரு லிட்டருக்கு மேல் போனால் வரி கட்டி எடுத்துப்போகலாம், தொகை பொதுவாகச் சின்னதுதான், ஆனால் மாநிலச் சட்டத்தையும் பார்க்க வேண்டும். பிரிட்டனுக்கு 4 லிட்டர் ஸ்பிரிட், 50 சுருட்டு. சென்னைக்கு அப்பாவைப் பார்க்கப் போகிறவர்களுக்கு 2 லிட்டர், 25 சுருட்டு. எந்த நாடானாலும் படிவத்தில் எழுதிவிடுங்கள்.

பெட்டியில் வைத்தால் உடையாதா?

ஜீன்ஸுக்குள் சுருட்டி, பெட்டியின் நடுவில் வையுங்கள். நான் வைத்த எதுவும் இதுவரை உடையவில்லை. திறக்காத பாட்டிலாக இருக்க வேண்டும். 24 முதல் 70 சதவீதம் ஆல்கஹால் உள்ளவை ஆளுக்கு 5 லிட்டர்தான், 70க்கு மேல் அறவே கூடாது. டியூட்டி ஃப்ரீ பாட்டிலோடு அமெரிக்காவில் விமானம் மாறுபவர்கள், சுங்கம் தாண்டியதும் அதைப் பெட்டிக்குள் போட்டுவிட்டுப் பெட்டியைத் திரும்பக் கொடுப்பது பத்திரம். கப்பலில் வந்து பக்கத்துத் தீவான கோசுமேலில் வாங்குகிறவர்களின் பாட்டிலைக் கப்பல்காரர்கள் வாங்கி வைத்துக்கொண்டு கடைசியில்தான் தருவார்கள்.

சுருட்டைக் கைப்பையிலேயே வைக்கலாம். ஈரப்பதம் காக்கும் சின்னப் பொட்டலத்தோடு மூடும் பிளாஸ்டிக் பையில் போடுங்கள். குளிர்கால டொராண்டோ வீட்டுக் காற்றில் வெறுமனே வைத்தால் சில நாளில் சருகாகிவிடும்.

வாங்கியதைக் கடற்கரையில் உட்கார்ந்து புகைக்கலாம்தானே? அதற்குத்தானே வந்ததே!

முடியாது. 2023 ஜனவரி 15 முதல் மெக்சிகோவில் கடற்கரை, பூங்கா, உணவகம், ஹோட்டலின் பொது இடங்கள் எல்லாவற்றிலும் புகைக்கத் தடை. கடைகளில் சிகரெட்டைப் பார்வையில் அடுக்குவதற்கும் அப்போது தடை வந்தது. எல்லோரும் பின்பற்றுகிறார்கள் என்று சொல்ல மாட்டேன், ஆனால் அபராதம் விழுந்தால் வாதாட முடியாது. ஹோட்டலில் புகைக்க ஒதுக்கிய இடம் எது என்று வரவேற்பில் கேளுங்கள். தெருவில் பாட்டிலைத் திறந்து குடித்துக்கொண்டு நடப்பதும் குற்றம்தான், போலீஸ் நிறுத்தும்.

மின்சிகரெட்டை ஊரிலிருந்தே கொண்டுபோகாதீர்கள். மெக்சிகோவுக்குள் கொண்டுவரத் தடை இருப்பதால் கான்கூனில் இறங்கியதும் எடுத்துக்கொள்கிறார்கள். போன வருடம் எங்கள் கூட்டத்தில் ஒருவருக்கு அப்படிப் போனது. அவர் அந்த வாரம் முழுவதும் என் சுருட்டைக் கேட்டுக்கொண்டிருந்தார்.